சனிக்கிழமைத் தட்டு

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
6 ஜனவரி 2025

லலிதாவுக்கு,

நீ செய்தது தப்பு. ஆசீர்வாதத்தைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் இதை வாங்கிக்கொள். உன் பெண் சாப்பிட வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டு நீ சனிக்கிழமைதோறும் பட்டினி கிடக்கிறாய். கிடந்தது ஒரு தப்பு. அதை அவளிடமே போனில் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. "உனக்காகத்தாண்டி வாயில பச்சத்தண்ணிகூடப் படாம இருக்கேன்" என்றாயாம். தாரிணி போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டில் இருந்த தோசையைத் துண்டு துண்டாகப் பிய்த்தாள். ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. ப்ரியம்வதா எதிரே உட்கார்ந்து, தோசை விறைத்துப்போகும்வரை ஏதேதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். உன் மன்னியின் பொறுமை எனக்குக் கிடையாது. நான் எழுந்து வந்து இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

போனில் சொல்வதற்கென்ன என்பாய். போனில் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தரிக்காய் நறுக்குகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை கூப்பும் படம் ஒன்று திரும்பி வருகிறது. காகிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். செப்டம்பரில் இங்கே காலேஜ் ஹாஸ்டல் குளியலறையில் அவள் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டாள். அதனால்தான் ஸ்கேன் எடுத்தார்கள். அடியால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பெண்ணின் மூளை இருக்க வேண்டிய அளவில் இல்லை, சுருங்கியிருக்கிறது, நடுவில் நீர் நிற்கும் இடங்கள் அகன்றிருக்கின்றன என்று ரிப்போர்ட் வந்தது. அனோரெக்ஸியா என்றார்கள். நாம் நினைத்த மாதிரி டயட் இல்லை, பிடிவாதமும் இல்லை, வியாதி. உடம்பு பட்டினி கிடந்தால் மூளையும் கூடவே கிடக்கிறது. சாப்பாடு ஒழுங்காக உள்ளே போனால் சுருங்கியது பெரும்பாலும் திரும்பிவிடும் என்று டாக்டர் அனுபமா சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவளை ஹாஸ்டலுக்கு அனுப்பாமல் இங்கேயே வைத்திருக்கிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன்தான். எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் இங்கிலீஷ் மானுவல்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்தே வேலை கற்றேன். மூளையையும் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். அடுத்த மாதம் இன்னொரு ஸ்கேன். டாக்டரின் குழு நடத்தும் ஆய்வு ஒன்றில் தாரிணி தானாகவே பெயர் கொடுத்திருக்கிறாள். புது ஸ்கேனில் என்ன தெரியும் என்று நினைத்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

விரதத்தை நிறுத்து. பதில் எழுது.

ஆசீர்வாதம்.
பத்ரி அண்ணா


ஸ்ரீரங்கம்
போகிப் பண்டிகை

அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம்.

உன் கடிதம் வந்தது. உட்கார்ந்துதான் படித்தேன். கத்தரிக்காய் நறுக்கவில்லை, போதுமா?

தப்பு தப்பு என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து நீ எனக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் அந்த வார்த்தை இருக்கிறது. நான் ஒன்று கேட்கிறேன். என் பெண் மயங்கி விழுந்ததை ஒரு வாரம் கழித்து எனக்குச் சொன்னாயே, அது சரியா? "நீ பதறுவாய்" என்றாய். பெற்றவள் பதறாமல் பக்கத்து வீட்டுக்காரியா பதறுவாள்?

வேறென்ன செய்யச் சொல்கிறாய் அண்ணா? அங்கே அவளுக்குத் தட்டு போடுவது மன்னி. பக்கத்தில் உட்காருவது நீ. டாக்டரிடம் அழைத்துப் போவதும் நீ. என்னிடம் "அவள் உடம்பைப் பற்றிப் பேசாதே, என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதே, அழாதே" என்று சொல்லிவிட்டீர்கள். அம்மா என்றால் செய்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் பெருமாள்தான். அவரிடம் வெறுங்கையோடு போய்க் கேட்கக் கூடாது என்று ஒரு நாள் சோற்றை விட்டேன். வேண்டிக்கொண்டதைப் பாதியில் விட எனக்குப் பயமாயிருக்கிறது. விட்டு, அவளுக்கு ஏதாவது ஆனால்?

மூளை சுருங்கியிருக்கிறது என்பதை இவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்குப் பைத்தியம் என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியும். எனக்கே அதை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. நிஜமாகவே திரும்புமா?

பொங்கலுக்கு மன்னி என்ன செய்யப் போகிறாள்? தாரிணிக்கு அக்காரவடிசில் பிடிக்கும். முன்பு பிடித்திருந்தது.

லலிதா


ஏ.எஸ்.ராவ் நகர்
7 பிப்ரவரி 2025

லலிதா, லலிதா,

திரும்புகிறது!

நேற்று ரிசல்ட். டாக்டர் அனுபமா திரையில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் செப்டம்பர், வலது பக்கம் இப்போது. எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழைய படத்தில் மூளையின் மடிப்புகளுக்கு நடுவே கறுப்பாகப் பள்ளம் பள்ளமாக இருந்ததே, அவை புதுப் படத்தில் ஒடுங்கிவிட்டன. நடுவில் நீர் நிற்கும் அந்த வண்ணத்துப்பூச்சி வடிவம் மெலிந்திருக்கிறது. வெளிப்புறச் சாம்பல் நிறப் பட்டை தடித்திருக்கிறது. ஐந்தே மாதத்தில்! தாரிணி நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே போனாள். "மாமா, இது ரெண்டும் நானா?" என்று கேட்டாள். நான் டாக்டரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். செல் புதிதாக முளைத்ததா, வற்றிய நீர் ஊறியதா, நரம்பைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை திரும்பியதா? அது இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது, அதற்குத்தான் ஆய்வே நடக்கிறது என்றார். வோல்டேஜ் குறைந்தால் பல்பு மங்கும், ஃபியூஸ் போகாது, அந்த மாதிரியா என்றேன். "மூளை பல்பு இல்ல சார்" என்று சிரித்தார். நான் விடவில்லை. தெரியாது என்றால் எப்படி, ஏதோ ஒன்று உள்ளே போயிருக்க வேண்டுமே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எப்படின்னுதான் தெரியாது. எங்கேருந்துன்னு தெரியும். தட்டுலேருந்து."

ஆறு வேளையும் ப்ரியம்வதா போட்ட தட்டிலிருந்து, லலிதா. சாத்தமுதும் பருப்பும் தயிர்சாதமும் சாயங்கால நிலக்கடலை உருண்டையும் போய் மூளையாகியிருக்கின்றன. மாப்பிள்ளையிடம் தைரியமாகச் சொல். சுருங்கியது என்று ஆரம்பிக்காதே, நிறைந்துவிட்டது என்று ஆரம்பி.

டாக்டர் ஒரு எச்சரிக்கையும் சொன்னார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். படம் முதலில் சரியாகும், பயம் கடைசியில்தான் போகும். சாப்பாட்டைப் பார்த்தால் வருகிற பயம், கண்ணாடியில் தெரிகிற பொய், இதெல்லாம் இன்னும் பல மாதம் அவளைப் பிடித்து இழுக்கும். சிகிச்சையை இப்போது தளர்த்தக் கூடாது. இந்த இடத்தில் வழுக்கினால் பழைய படத்துக்கே போய்விடலாம்.

திரும்பும்போது செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். டீ வேண்டும் என்றாள், கூட ஒரு பிஸ்கட்டும். அவளாகக் கேட்டாள்! ஆட்டோக்காரன் நானும் வருகிறேன் என்று கூடவே இறங்கி வந்தான். நான் குஷியில் அவனிடம் ஸ்கேன் கவரைத் திறந்து காட்டப் போனேன். "நக்கோ சாப், வேண்டாம், மனசு சரியில்லாம போயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். தாரிணி சிரித்தாள். டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தும் நான் சாப்பாட்டு மேஜையில் மூளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உன் மன்னி இந்த ஊர் போலாரத்தில் பிறந்து வளர்ந்தவளாயிற்றே, கரண்டியைத் தட்டி, "சாப்பாட்டு நேரத்துல மூளை நக்கோ" என்றுவிட்டாள்.

சந்தோஷத்துடன்,
பத்ரி அண்ணா


ஸ்ரீரங்கம்
13 பிப்ரவரி

அண்ணா, நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். நீ சொன்னபடியே நிறைந்துவிட்டது என்றுதான் ஆரம்பித்தேன். இவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு தடவை வாசி என்றார்.

பார்த்தாயா அண்ணா? என் பெருமாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டார். நீ விரதத்தை நிறுத்து என்றாய். நிறுத்தியிருந்தால்? டாக்டருக்கே எப்படி வளர்ந்தது என்று தெரியவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் நான் வாயைக் கட்டினேன், அங்கே அவளுக்கு நிறைந்தது. இனிமேல் ஒரு அடிகூடப் பின்னால் போவதாக இல்லை. பங்குனி உத்திரம்வரை ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டேன். அடுத்த ஸ்கேனில் பார், முழுசாகிவிடும்.

மன்னி அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். குழந்தை பூசினாப்பல இருக்கா. எத்தனை நாளாயிற்று அந்த வார்த்தையைச் சொல்லி! நேற்று போனில் அவளிடமும் சொன்னேன். விரதத்தையும் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. தனக்காக அம்மா என்ன செய்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? "சரிம்மா" என்றாள்.

லலிதா


ஏ.எஸ்.ராவ் நகர்
24 பிப்ரவரி 2025

லலிதாவுக்கு,

"சரிம்மா" என்றாளே, அதற்கு அப்புறம் நடந்ததை எழுதுகிறேன்.

நீ பேசிய அன்று ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டாள். மறுநாள் மோர் மட்டும். அதற்கு மறுநாள் அதுவும் பாதி. ப்ரியம்வதா கெஞ்சினாள், நான் கத்தினேன், இரண்டும் ஒன்றுதான். ஹாலில் இருந்த கண்ணாடியை ஒரு துண்டு போட்டு மூடியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "நான் பூசினாப்பல இருக்கேனாம்" என்றாள். உனக்கு அது வாழ்த்து. அவள் காதில் அது எப்படி விழும் என்று உனக்கு நான் எத்தனை தடவை சொன்னேன்?

அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் நாள் நான் அவள் எதிரே உட்கார்ந்து, உன் மூளை எவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறது, அதைப் போய்ப் பட்டினி போடலாமா என்று படத்தை எடுத்து வைத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா சாப்பிடலேன்னா பக்தி. நான் சாப்பிடலேன்னா வியாதியா மாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னாள். "என் மூளை அம்மா பட்டினி கிடந்து வளர்ந்ததுன்னா, எனக்கு அது வேண்டாம்."

லலிதா, வீட்டில் இருக்கிற எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டேன். மூளையின் எந்தப் பகுதி சுருங்கும், எது சீக்கிரம் திரும்பும், எது மெதுவாகத் திரும்பும், எல்லாம் இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் எதிலும் இல்லை.

முந்தாநாள் டாக்டரிடம் போனோம். இந்த வாரமும் இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாக உணவுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்றார். அவள் அதைக் கேட்டு முகம் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

நீ பெருமாளிடம் என்ன ஒப்பந்தம் போட்டாய் என்று எனக்குத் தெரியாது. உன் பெண் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டும். எனக்கு இல்லை, அவளுக்கு. சொல்லத் தெரியும்வரை அவளுக்குப் போன் செய்யாதே.

பத்ரி


ஸ்ரீரங்கம்
2 மார்ச்

அண்ணா,

இந்தத் தடவை நீ ஆசீர்வாதம் எழுதவில்லை. கவனித்தேன்.

கடிதம் வந்தது சனிக்கிழமை. நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. படித்துவிட்டு உன்மேல் அப்படி ஒரு கோபம். சண்டை போடத்தான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை, உனக்கு எழுதுகிறேன், மன்னி படித்தாலும் பரவாயில்லை.

விரதம் ஆரம்பித்த புதிதில் பசி வயிற்றைப் பிடுங்கும். போகப் போக நின்றுவிட்டது. தலை இலேசாகி மிதக்கிற மாதிரி ஒரு சுகம். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நிற்கும்போது பயம் வராது, பெருமையாயிருக்கும். மற்றவர்களெல்லாம் சாப்பிடுகிறார்கள், நான் இல்லாமல் இருக்கிறேன் பார் என்று. ராத்திரிச் சாப்பாட்டை விட்டது பெருமாளுக்காகத்தான் என்று உனக்கு எழுதினேன். பாதிதான் உண்மை. அந்தப் பெருமை இன்னும் வேண்டியிருந்தது.

உன் கடிதத்தில் அவள் கேட்டதைப் படித்தபோது, இதுதானா அது என்று தோன்றியது. எனக்குச் சில மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளில் இப்படிப் பிடித்துக்கொண்டதே, குழந்தையை எப்படிப் பிடித்திருக்கும்! நீ எழுதிய சாம்பல் பட்டையும் நீரும் எனக்குப் புரியவில்லை அண்ணா. இது புரிந்துவிட்டது. அவள் கேள்விக்கு என் பதிலை எழுதுகிறேன், அவளிடம் கொடு: அம்மா சாப்பிடாததும் கொஞ்சம் வியாதிதான், தாரிணி. ஆரம்பித்தது பக்தி. அப்புறம் பக்தி இல்லை.

அன்று சாயங்காலமே சன்னிதிக்குப் போனேன். வேண்டுதலை விடவில்லை, மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னேன். இனிமேல் சனிக்கிழமை என் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அதுதான் விரதம் என்றேன். அவர் எப்போதும் போலப் படுத்துக்கொண்டுதான் இருந்தார். கோபமாகத் தெரியவில்லை. வாசலில் கொடுத்த புளியோதரையைத் தூணோரம் நின்றே சாப்பிட்டேன். மூன்று வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இவர் டிக்கெட் எடுத்துவிட்டார். சென்னையில் ரயில் மாறி, பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலை செகந்திராபாத்தில் இறங்குகிறேன். ஆனால் அண்ணா, எனக்கு அவள் எதிரே உட்காரத் தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து எல்லோருக்கும் போட்டுவிட்டு அடுக்களையில் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறேன். என்ன பேசுவது, எங்கே பார்ப்பது, ஒன்றும் தெரியவில்லை. நீதான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே. எழுது.

லலிதா


ஏ.எஸ்.ராவ் நகர்
8 மார்ச் 2025

சௌபாக்கியவதி லலிதாவுக்கு அநேக ஆசீர்வாதம். போன தடவை விட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தைத் தாரிணியிடம் கொடுத்தேன். தன் அறைக்கு எடுத்துப் போய்ப் படித்தாள். வெகு நேரம் கழித்து வந்து, "அம்மாக்கும் தலை மிதந்துதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று எழுதியிருக்கிறாளே என்றேன். அன்று ராத்திரி தட்டு வந்தபோது தள்ளவில்லை. ஒவ்வொரு வாயாக, கண்ணில் தண்ணீரோடு, முக்கால்வாசி. மறுநாள் முழுசும்! ஆஸ்பத்திரிப் பேச்சைத் தள்ளிவைத்திருக்கிறார் டாக்டர். எடுத்துவிடவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறார். ஆனாலும் லலிதா, நான் இந்த வாரம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

நான் முன்னால் எழுதியதில் ஒரு வரியையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தப்பு தப்புதான். இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை ஸ்ரீனிவாஸ் உன்னை வழியனுப்பும்போது கையில் இட்லிப் பொட்டலம் கொடுத்து, நீ அதை ரயிலில் சாப்பிட்டாயா என்று போனில் கேட்க வேண்டும். உன்னையும் யாராவது கேட்க வேண்டும். அவர் தாரிணிக்கு எழுதுவதானால் அவள் படிப்பைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி எழுதட்டும்.

ப்ரியம்வதா அன்றைக்குச் சமையலை மாற்றக் கூடாது. அம்மா வருகிறாள் என்று அக்காரவடிசில் எல்லாம் கிளறக் கூடாது. வழக்கமான சனிக்கிழமைச் சமையல், வழக்கமான நேரம். கேட்டதற்கு "ஹவ்", ஆமாம் என்று தலையாட்டினாள், ஆனால் நெய் வாங்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். நீயும் சொல்.

டாக்டர் அனுபமா திங்கட்கிழமை உன்னைப் பார்க்க வேண்டும். கேட்டுவிட்டேன், சரி என்றிருக்கிறார். உன் தலை மிதந்ததை அவரிடமும் சொல். வெட்கப்படாதே. அடுத்த ஸ்கேன் எப்போது என்று நீ கேட்காதே, அதை நான் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். வந்ததும் அழாமல் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் மூளை என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. ஸ்கேன் கவரை ப்ரியம்வதா பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறாள், அதனால் இதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

தாரிணி அன்றைக்கு எதையும் நிரூபிக்க வேண்டாம். முழுசாகச் சாப்பிட்டாலும் பாதியில் நிறுத்தினாலும் அது அவளும் மாமியும் டாக்டரும் பார்த்துக்கொள்கிற விஷயம்.

மிச்சம் நீ. ரயில் ஆந்திராவுக்குள் வந்தபின் கிருஷ்ணா நதிப் பாலம் வரும். "பூசினாப்பல" என்ற வார்த்தையை ஜன்னல் வழியாக அதில் போட்டுவிட்டு வா. "இளைச்சுட்டே" என்பதையும் சேர்த்துப் போடு. வீட்டுக்குள் வந்ததும் அவளை மேலும் கீழும் பார்க்காதே, முகத்தைப் பார். மேஜையில் என்ன பேசுவது என்று கேட்டாய். ரயிலில் எதிர் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல், போதும். அடுக்களைப் பக்கம் போகாதே. கரண்டியைத் தொடாதே. யாருக்கும் பரிமாறாதே. உன் தட்டை ப்ரியம்வதா போடுவாள். எல்லோரும் சாப்பிடட்டும், அவள் ஒரு வாய் வைக்கட்டும், அப்புறம் நான் என்று காத்திருக்காதே.

நீ முதலில் சாப்பிட வேண்டும்.

பத்ரி அண்ணா